கறுப்பு அடித்த கட்டங்கள்

தொண்ணூறுகளின் நடுவில் அடையாற்றில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். எங்கள் வேலை முழுக்க ஒரு தீவைப் பற்றியது. கப்பலில் நாள்கணக்காகப் போனால்தான் எட்டமுடிகிற சின்னத் தீவு. வெளியிலிருந்து யாரும் போய்க் குடியேறியதில்லை. சில குடும்பங்களே தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்தன. சர்க்கரை நோயும் கொழுப்பும் ரத்தத்தோடு எப்படி இறங்கி வருகின்றன என்று பார்ப்பதற்கு அப்படி ஓர் இடம் கிடைத்தது அதிர்ஷ்டம் என்பார் எங்கள் பேராசிரியர். ஊரில் எல்லாம் கலங்கிக் கிடக்கிறது, அங்கே அடிமண் தெரிகிறது என்று சொல்லிச் சிரிப்பார்.

என்னைத் தீவுக்கு அனுப்பவில்லை. "கப்பல்ல லேடீஸைக் கூட்டிட்டுப் போறது ரொம்பக் கஷ்டம்மா. நீ இங்கேயே இரு" என்றுவிட்டார். ஆண்கள் போனார்கள். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து இன்னொரு தடவை என்று எடுத்த ரத்தம் ஐஸ் பெட்டிகளில் வந்தது. பெரிய தாளில் அந்தக் குடும்பங்களின் வம்சத்தை வரைவது என் வேலை. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. சர்க்கரை இருந்தால் உள்ளே கறுப்பு அடிக்க வேண்டும். என் விரலில் எப்போதும் இந்தியன் இங்க் கறை இருக்கும்.

தீவுக்குப் போய் வந்த சக உதவியாளர் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "ஒரு அம்மா விடவே இல்லீங்க. என் ரத்தத்துல என்ன இருக்குன்னு சொல்லிட்டுப் போங்கன்னு கப்பல் துறை வரைக்கும் வந்துச்சு."

பெயரைக் கேட்டேன். அந்த அம்மாளின் வட்டத்தை நான் ஏற்கெனவே கறுப்பாக்கியிருந்தேன். பேராசிரியரிடம் போய், தீவில் யார் யாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று அவர்களுக்கு எழுதிவிடலாமா என்று கேட்டேன்.

"நாம வைத்தியம் பார்க்கப் போகலைம்மா" என்றார். "அது ப்ராஜெக்ட்ல இல்லை." நான் என் மேஜைக்குத் திரும்பினேன்.

அந்த வருடம் வீட்டில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தி. நகரிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. "லேப்ல வேலைன்னு மட்டும் சொல்லு, போறும்" என்று அம்மா முன்னமே சொல்லி வைத்திருந்தாள். தட்டு நீட்டியபோது அப்பா, "எனக்கு சொஜ்ஜி வேண்டாம், சர்க்கரை" என்றார், வெகு இயல்பாக. அதை மறைக்க வேண்டும் என்று அதுவரை எங்களுக்குத் தோன்றியதில்லை.

பையனின் அம்மா என்னைப் பார்த்து, "நீ என்னம்மா ஆராய்ச்சி பண்ணிண்டிருக்கே?" என்றார்.

எங்கள் வீட்டில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. தீவைச் சொன்னேன், கட்டத்தையும் வட்டத்தையும் சொன்னேன். மிகவும் கவனமாகக் கேட்டார்.

"அப்போ அப்பாவுக்கு இருந்தா குழந்தேளுக்கும் வருமோ?"

"வர வாய்ப்பு ஜாஸ்தி, மாமி. ஆனா வந்தே தீரும்னு இல்லை..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நான் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

மறுவாரம் தரகர் மாமா வந்தார். "ஜாதகமெல்லாம் அமோகமாப் பொருந்தறது. ஆனா வம்சத்துல ஓடறதுன்னு பொண்ணே வாயால சொல்லிட்டாளாமே. அவா யோசிக்கறா."

அவர்களும் எங்கள் உட்பிரிவுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தவர்கள்தாம். வேறு இடத்தில் பெண் எடுக்க மாட்டார்கள். என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். தீவு என்று நாங்கள் சொன்னது கப்பலில் போகிற தூரத்தில் இருந்ததை மட்டும்தான்.

அதன்பின் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த இன்சுலின் பாட்டில் காய்கறிக்கு அடியில் போயிற்று. பெண் பார்க்க யார் வந்தாலும் அப்பா எல்லோருக்கும் முன்னால் சொஜ்ஜி சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் சண்டை போட்டேன்.

"உன் கல்யாணம் முடியட்டும், பத்தியம் இருந்துக்கறேன்" என்றார்.

கல்யாணம் முடியவில்லை. அதற்காக ஒரு பிரார்த்தனை என்று சொல்லிக்கொண்டு அப்பா, கத்திரி வெயிலில், உச்சி வேளையில், கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றத் தொடங்கினார். கல் கொதித்தது. அவருக்குச் சுடவில்லை. சுடாதது தெய்வத்தின் அருள் என்று அம்மா எதிர்வீட்டு மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும் என்று சொன்னேன். "மறுபடியும் லெக்சர் ஆரம்பிக்காதே" என்றாள். கொப்புளம் உடைந்து, கட்டைவிரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டுப் போடுகிறவர் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு அதட்டினார்: "இன்னா சார், படிச்ச மனுசன்! இவ்ளோ நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

விரலை எடுத்தார்கள்.

நான் விடுப்பு முடிந்து லேபுக்குப் போன அன்று எல்லோர் மேஜையிலும் மைசூர்பாகு இருந்தது. எங்கள் கட்டுரை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்துவிட்டதாம். நான் வரைந்த படம் அதில் அச்சாகியிருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. அதற்குப் பிறகும் அந்தத் தீவுக்காரர்களுக்கு யாரும் எதுவும் எழுதவில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அப்பா என்னிடம் பேசினார். "அன்னிக்கு நீ வாயை மூடிண்டு இருந்திருந்தா எனக்கு இது வந்திருக்குமா?"

கேட்டதற்கு உண்மையைச் சொன்னது எப்படித் தப்பாகும் என்று இன்றுவரை எனக்குப் புரிந்ததில்லை.

பார்க்க வந்த உறவுக்காரர்களிடமெல்லாம் கண்ணாடி குத்திவிட்டது என்றே அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் தலையாட்டினாள். மறுநாள் அம்மாவின் தம்பி வந்து, கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எப்படி அத்திம்பேர் இப்படி ஆச்சு?" என்றார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "சர்க்கரை, மாமா. ரொம்ப வருஷமா இருக்கு. உங்களுக்கும் இருக்கும். பார்த்துக்கோங்கோ."

மாமா எழுந்து கைகழுவப் போனார். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறமும் நாங்கள் பல வருடங்கள் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவருக்கு ஊசி நான்தான் போட்டேன். ஒரு தடவைகூட அவர் என் முகத்தைப் பார்த்துக் கையை நீட்டியதில்லை.