ஹார்கன் கட்சிச் சமையல்காரர்

வில்ஃப் கார்மொடி வைக்கும் ஆட்டுக்கறிக் குழம்பைத் தின்ற எவனும், கைப்பக்குவத்துக்காகத்தான் அவரை வைத்திருக்கிறோம் என்று நம்பமாட்டான். பத்தொன்பது வருடம் தின்ற வயிறு சொல்கிறது. காலையில் கறி, மத்தியானம் கறி, ராத்திரிக்கு மிச்சக் கறி. ஆனாலும் எங்கள் கத்தரிப்புக் கூட்டம் கம்பளி வெட்ட எந்தப் பண்ணைக்குப் போனாலும் அவர்தான் சமையல். குதிரைகளை அடக்கிக்கொண்டிருந்த ஆள். ஒரு குதிரை அவரை அடக்கிய பிறகு காலை இழுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து சேர்ந்தார். மனைவி ஐரீன் இறந்து வெகுகாலம் ஆகிறது. பிள்ளை கிடையாது, வீடு கிடையாது. அடுப்படிக்குப் பின்னால் போடும் கட்டில்தான் ஊர், உறவு எல்லாம்.

பரிமாறும்போது வில்ஃப் ஹார்கனின் பாட்டைச் சொல்வார். எங்கள் காட்டுப்புறக் கவிராயர்களில் ஹார்கன் குதிரையைப் பாடுகிறவர். அவர் பாட்டில் எல்லாரும் மலைச்சரிவில் பாய்ந்துகொண்டே இருப்பார்கள். ஒருத்தனுக்கும் பசிக்காது, ஒருத்தனுக்கும் மூலம் வராது. இன்னொருவர் பீச்சம். அவர் பாட்டில் மழை பெய்யாது, ஆடு சாகும், வீடு திரும்புகிறவனுக்கு வீடே இருக்காது. நான் பீச்சம் கட்சி. என் அப்பா இரண்டு வறட்சியில் இரண்டு நிலத்தைப் பறிகொடுத்தவர். குதிரைப் பாய்ச்சலைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம்.

அந்த வருடம் வல்லாண்ட்ரா பண்ணையில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த ஆட்டைக் கத்தரித்தால் எங்களுக்குக் காய்ச்சலும் மூட்டுவலியும் வரும். அதனால் ஆடு ஈரமா, காய்ந்ததா என்று கத்தரிக்கிறவர்கள் எட்டுப் பேரும் தினமும் சீட்டெழுதி ஓட்டுப் போடுவோம். பண்ணைக்காரர் வாயைத் திறக்கக்கூடாது; அதுதான் வழக்கம். ஆறு நாளும் ஈரம் என்றே வந்தது. தகரக் கொட்டகைக்குள் வேலையில்லாத எட்டு ஆண்பிள்ளைகள். ஐந்து நாள் வரை சண்டைக்கு வேறு விஷயம் இருந்தது. ஆறாம் நாள் எல்லாம் தீர்ந்துபோய்க் கவிராயர்களிடம் வந்து நின்றோம்.

எங்களில் பெரிய பீச்சம் வெறியன் டெஸ் பிரிங்கிள். ஹார்கனின் குதிரை தண்ணீர் குடிக்காமல் பன்னிரண்டு மைல் மேடேறுகிறதே, நிஜக் குதிரையாக இருந்தால் மூன்றாவது அடியிலேயே செத்திருக்கும் என்றான். பீச்சத்தின் ஆட்கள் உட்கார்ந்து அழுகிற நேரத்தில் எழுந்து வேலியைக் கட்டியிருந்தால் பாட்டே தேவைப்பட்டிருக்காது என்றார் வில்ஃப். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பண்ணையின் கிழட்டுக் குதிரையைச் சேற்றில் ஓட்டினோம். அது கதவு வரை நடந்துபோய்ப் புல் மேய ஆரம்பித்தது. இரண்டு கட்சியும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்று கூச்சல் போட்டோம்.

சமையல்காரரை வைப்பதும் நீக்குவதும்கூட எங்கள் ஓட்டுதான். டெஸ் அதைப் பிடித்துக்கொண்டான்.

"பெருசு, வழக்கப்படி சீட்டுப் போட்டே தீத்துக்கலாம். பீச்சம் ஜெயிச்சா இனிமே சாப்பாட்டுக்கு நீ பீச்சம்தான் சொல்லணும். முடியாதுன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்."

விளையாட்டாகத்தான் சொன்னான். வில்ஃப் ஏப்ரனை அவிழ்த்தார், போர்வையைச் சுருட்டினார், வாசலில் கொண்டுபோய் வைத்தார்.

"பீச்சத்த நான் சொல்லமாட்டேன். போடுங்கடா சீட்ட."

அவருக்குப் போக ஓரிடமும் இல்லை. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மனசாட்சி பீச்சம் என்றது. வாசலில் அந்தப் போர்வை கிடந்தது. ஹார்கன் என்று எழுதித் தொலைத்தேன், அப்பா மன்னிக்கட்டும்.

பிரித்தார்கள். ஹார்கன், ஹார்கன், ஹார்கன். எட்டும் ஹார்கன். டெஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வில்ஃப் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தோம். மனிதர் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்துவிட்டார். பதினோரு வருடமாகப் பீச்சம் பீச்சம் என்று உயிரை எடுத்தவன் இப்போது பரிதாபப்பட்டு மாற்றி எழுதுவானா என்று டெஸ்ஸைக் கிழி கிழி என்று கிழித்தார். கவிதைக்குப் போடும் ஓட்டில் பொய் எழுதலாமா, இது செல்லாது, உள்ளதை எழுதுங்கள், நான் போய்க்கொள்கிறேன் என்றார்.

டெஸ்ஸுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "உள்ளத எழுதணும்னா நீயும் எழுது," என்று ஒரு சீட்டை நீட்டினான்.

சமையல்காரருக்கு ஓட்டு கிடையாது. ஆனால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. வில்ஃப் சீட்டை வாங்கினார். எழுதி, மடித்து, கொடுத்தார். டெஸ் பிரித்தான்.

பீச்சம்.

"அவன்தான்டா பெரிய ஆளு, எனக்குத் தெரியாதா," என்றார் வில்ஃப். "ஐரீன் போனப்ப நான் இருநூறு மைல் தள்ளி இதே மாதிரி ஒரு கொட்டகையில மாவு பிசஞ்சிட்டிருந்தேன். போய்ச் சேர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருச்சு. அத அவன் அப்படியே எழுதி வச்சிருக்கான். முழுசும் மனப்பாடம். வாயத் தொறந்தா அழுதுருவேன். அப்புறம் உங்க எட்டுப் பேருக்கும் எவன்டா சாப்பாடு போடுறது?"

டெஸ் வாசலுக்குப் போனான். போர்வைச் சுருட்டை எடுத்துவந்து கட்டிலில் போட்டான். தட்டை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தான்.

"பசிக்குது பெருசு," என்றான். "அந்தக் குதிரைய ஓட்டு."

வில்ஃப் குழம்பைக் கிண்டிக்கொண்டே ஹார்கனின் பாட்டை ஆரம்பித்தார். இரண்டாவது அடியில்தான் குரல் சரியாக வந்தது.