இரண்டு நாள் ஃப்ரிட்ஜ்

அடுத்த வீட்டுக்காரியிடம் சிவப்பு ரேஷன் அட்டை இருந்தது. எங்களிடம் மஞ்சள். காரைக்கால்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: சிவப்பு என்றால் ஏழை, மஞ்சள் என்றால் எப்படியோ சமாளித்துக்கொள்பவர். அவளுடைய அண்ணன் பிரான்சிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பினான். என் கணவர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள், நான் ஜாக்கெட் தைத்து வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அரசாங்கத்துக்கு அவள்தான் ஏழை. எனக்கு வயிறு எரிந்தது. அவள் வீட்டில் வஞ்சிரம் பொரிக்கிற வாசனை வந்தால்கூட எரிந்தது.

சிவப்பு அட்டை இருந்தால் மகளின் நர்சிங் படிப்புக்கு உதவி கிடைக்கும் என்றார்கள். அட்டையை மாற்றித் தரச் சொல்லி மனுக் கொடுத்தேன். வீட்டைப் பார்க்க அடுத்த மாதம் ஆள் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குள் ஒருநாள் காலை அவள் வந்து நின்றாள்.

"அக்கா, நாளைக்கு எங்க வீட்டுக்கு கார்டு செக்கிங் வராங்களாம். ஃப்ரிட்ஜை மட்டும் ரெண்டு நாளைக்கு உங்க வீட்ல வச்சுக்குங்களேன்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு உள்ளூர ஆசை. ஃப்ரிட்ஜ் வந்ததும் அதை வாசலுக்கு நேர் எதிரே வைக்கச் சொன்னேன். ஜாக்கெட் துணியில் மிஞ்சியதை ஓரம் அடித்து மேலே விரித்தேன். மகள் ஐந்தாறு பாட்டிலில் தண்ணீர் பிடித்து அடுக்கினாள். அன்றைக்கு மட்டும் அதை எத்தனை முறை திறந்து மூடினேனோ தெரியாது.

மறுநாள் வந்த அதிகாரி அம்மா, அவள் வீட்டை முடித்துவிட்டு, வந்ததோடு வந்ததாக எங்கள் மனுவையும் பார்த்துவிடலாம் என்று நேராக உள்ளே வந்துவிட்டார். பதற்றத்தில் நான் ஜில்லென்று தண்ணீர் வேறு கொடுத்தேன். குடித்துவிட்டு ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

"இது உங்களோடதாம்மா?"

மகள் என் முகத்தையே பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் என் வீட்டில் இருக்கும் எதையும் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"ஆமாங்க," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு போனார். மனு தள்ளுபடியானது.

மதிலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த அடுத்த வீட்டுக்காரி, அன்று சாயங்காலமே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னைக் காட்டிக் குடுக்காம இருந்தீங்களே, இந்த மனசு யாருக்குக்கா வரும்?" அந்தப் பாராட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மகள் இப்போது கடைத்தெருவில் ஜவுளிக் கடையில் வேலைக்குப் போகிறாள். இந்த வருடம் மறுபடியும் மனுக் கொடுத்திருக்கிறேன், கிடைத்தால் அவளை நர்சிங்கில் சேர்த்துவிடலாம். அவளுக்கு என்மேல் கோபமே இல்லை. அடுத்த வீட்டுக்காரியைக் காப்பாற்றத்தான் அம்மா அன்று பொய் சொன்னாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.