டைம்கீப்பர் போட்ட கழித்தல்

பஸ் நிலையத்தில் முப்பது வருஷம் டைம்கீப்பராக உட்கார்ந்த மனிதரிடம் எந்த டிரைவரின் பருப்பும் வேகாது. "வழியில பஞ்சர் சார்" என்று ஒருவன் தலையைச் சொறிந்தால், வந்த நேரத்திலிருந்து கிளம்பிய நேரத்தைக் கழித்துவிட்டு, "பஞ்சர் ஒட்டினியா, டயரையே செஞ்சு மாட்டினியா?" என்பார். நேரத்தில் பொய் சொல்கிறவன் எதிலும் பொய் சொல்வான் என்பது அவர் கட்சி.

மகளிடம் மட்டும் அவர் கணக்குக் கேட்டதில்லை. மனைவி திடீரென்று இறந்தபோது, வெளிநாட்டில் வேலை பார்க்கும் அந்த ஒரே மகள் அடக்கமெல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றும்போதுதான் வந்து சேர்ந்தாள். "ஃப்ளைட்லயே பத்து மணி நேரம்ப்பா" என்று வாசலில் உட்கார்ந்து அழுதாள். தூரம் அப்படி, பிள்ளை என்ன செய்யும் என்று அவரும் மனதைத் தேற்றிக்கொண்டார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், "என்கூட வந்து கொஞ்ச நாள் இருங்கப்பா" என்று மகள் டிக்கெட் அனுப்பினாள். புறப்பாடு காலை பத்து, வருகை மதியம் இரண்டு. அவர் மனம் தானாகவே கழித்துப் பார்த்தது. நாலு மணி நேரம்.

அங்கே கடிகாரம் வேறு என்பது அவருக்குத் தெரியாததல்ல. மகள் காலைக் காப்பியோடு போனில் பேசும்போது இவர் மத்தியானச் சாப்பாட்டை முடித்திருப்பார். ஆனால் பழக்கதோஷம் முந்திக்கொண்டது, கூடவே கோபமும் வந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது டைம்கீப்பருக்கு மட்டும் பொருந்தாதா என்ன?

"நாலு மணி நேரம்தானாம்! நினைச்சிருந்தா உன் முகத்தைப் பார்த்திருக்கலாமே அவ" என்று மனைவியின் படத்திடம் சொன்னார். வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டு விஷயத்தை ஊர் வாயில் போடுவானேன்? ஏன் பொய் சொன்னாய் என்று நேரிலேயே கேட்டுவிடுவது என்ற முடிவோடு விமானம் ஏறினார்.

அவர் கைக்கடிகாரத்தில் இரண்டு மணி ஆனது. இறங்கத் தயாராகப் பையை மடியில் வைத்துக்கொண்டார். விமானம் இறங்குகிற வழியாகக் காணோம்.

"வண்டி லேட்டாம்மா?" என்று பக்கத்து இருக்கையில் இருந்த, அங்கே நர்ஸாக வேலை பார்க்கும் அம்மாவைக் கேட்டார்.

"இல்லீங்களே. அங்க இப்பதான் காலையில எட்டு மணி. இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு. பையைக் கீழ வைங்கய்யா."

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. பெற்ற பிள்ளையைப் போய்ப் பொய்க்காரி என்று நினைத்துவிட்டோமே! அதற்குப் பிறகு நேரம் நகரவே இல்லை. முழங்கால் கடுத்தது. கொடுத்த சாப்பாடு இறங்கவில்லை. நடுவில் ஒரு நிறுத்தத்தில் இறங்கி மூச்சு விடக்கூட வழி கிடையாது. பிள்ளையைப் பார்க்கப் போகிற நமக்கே இப்படி என்றால், அம்மாவைப் பறிகொடுத்தவள் இப்படியோர் இருக்கையில் எப்படி உட்கார்ந்து வந்தாள்? ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

விமான நிலைய வாசலில் மகள் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள். "என்னப்பா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு? தூங்கலையா?"

கேட்க வந்த கேள்வி எங்கேயோ போய்விட்டது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு இத்தனை நேரமும் தனியா அழுதுகிட்டே வந்தியாம்மா?"