ஆகாயத்தில் தொங்கிய மகிழமரம்

மூன்று வருடங்களுக்கு முன், திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. சாலையை அகலப்படுத்தப் போவதால் வாசலில் நின்ற மகிழமரத்தை வெட்ட வேண்டும் என்றார்கள். கல்யாணமான புதிதில் என் மனைவி வைத்த மரம். பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்த அவளுக்கு, ஜன்னல் வழியே தெரியும் அந்த மரம்தான் டி.வி., ஊர்வம்பு எல்லாம்.

"மரத்த வெட்டிட்டா நான் உங்க மூஞ்சியவா பாத்துக்கிட்டு கெடக்குறது?" என்று சிரித்தாள். சிரித்த கையோடு கலங்கிய கண்ணை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை.

கன்று ஒன்று வாங்கிச் சமாளிக்கலாம் என்று தஞ்சாவூர் சாலையில் உள்ள நர்சரிக்குப் போனேன். ஒட்டு மாங்கன்றுகள், பச்சை வலைப் பந்தலுக்குள் குரோட்டன்ஸ், பாய் போலச் சுருட்டிய புல்தரை, மண்புழு உர மூட்டைகள், கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்குப் போய்த் திரும்பிய தொட்டிச் செடிகள். இவற்றுக்கு நடுவே, வேரோடு சாக்குச் சுற்றிய முழு வேப்பமரம் ஒன்று! நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து, நர்சரி நடத்தும் அம்மா என்னவென்று விசாரித்தார். சொன்னேன்.

"கன்னு எதுக்கு சார்? அந்த மரத்தையே எடுத்துக் கொல்லையில வெச்சிரலாம். பொழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். செஞ்சு பாப்போம்."

நர்சரி ஆட்கள் வந்து, முதலில் மரத்தைச் சுற்றி ஒரு பாதியில் மட்டும் பள்ளம் வெட்டி வேரை நறுக்கினார்கள். அங்கே புது வேர் விடும்வரை ஆறப்போட்டுவிட்டு, பிறகு மறுபாதி. கிளைகளைக் கழித்து, வெட்டுவாயில் சாணியை அப்பினார்கள். கிழக்குப் பார்த்த பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடும் போட்டார்கள்.

கிரேன் வந்த அன்று தெருவே கூடிவிட்டது. இத்தனை காலம் மண்ணுக்குள் இருந்த வேர், எங்கள் மொட்டை மாடிக்கு மேலே ஆகாயத்தில் தொங்கியது. என்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன். கொல்லைக் குழியில் இறக்கியபோது சுண்ணாம்புக் கோடு மேற்குப் பக்கம் இருந்தது. மழை வேறு இருட்டிக்கொண்டு வர, கிரேன்காரர் கொக்கியைக் கழற்றிவிடத் தயாரானார்.

"திரும்பத் தூக்குங்க தம்பி," என்றார் அந்த அம்மா. "எடம் மாறுறதே அதுக்குப் பெரிய கஷ்டம். வெயில் படுற பக்கமும் மாறணுமா?"

முணுமுணுத்துக்கொண்டே தூக்கித் திருப்பி வைத்தார்.

மனைவியின் கட்டிலைக் கொல்லைப்பக்க அறைக்கு மாற்றினோம். ஆனால் மரம் மொட்டையாகவே நின்றது. மாதங்கள் போயின. ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்டையும் இனி வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். ஏன்தான் இந்த வேலையில் இறங்கினோமோ என்று நொந்துபோனேன்.

ஒருநாள் காலை, அறைக்குள் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். "ஏங்க!" என்று ஒரு கத்தல். விழுந்துவிட்டாளோ என்று ஓடினேன். நன்றாக இருக்கும் கையை ஊன்றிப் பாதி எழுந்து, முகவாயால் வெளியே காட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுப்பட்ட கிளையின் ஓரத்தில், நகம் அளவுக்கு ஒரு துளிர். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தப் பயிற்சிக்காரத் தம்பிய நாளைக்கு வரச் சொல்லுங்க."

இன்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லை வரை நடக்கிறாள். உயிருக்குள் இருக்கும் அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மெய் சிலிர்க்கிறது.