வேருக்குள் கிடந்த கம்மல்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு செடிக்குத் தொட்டி மாற்ற உட்கார்ந்தோம். வியாழன் வரைக்கும் அந்த வேலை முடியவில்லை!

எங்கள் மாடி வீட்டு நூர்ஜகான், கம்பத்தில் வாழைக்காய் கமிஷன் கடை வைத்திருப்பவரின் மனைவி. அவர் வீட்டு ஹாலில் ஒரு அந்தூரியம். குமுளியில் வாங்கியது. வெகு நாளாகப் பூக்கவே இல்லை. தொட்டியின் அடி ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்த்தது. பங்குனி பிறந்துவிட்டது... வெயில் ஏறுவதற்குள் பெரிய தொட்டிக்கு மாற்றிவிடலாம் என்று நானும் கூட உட்கார்ந்தேன்.

செடி லேசில் வரவில்லை. ஓரமாகக் கத்தியை விட்டு நெம்பி, தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினோம். பந்தாகச் சுருண்டிருந்தது வேர். மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்த நூர்ஜகானின் கை சட்டென்று நின்றது. வேருக்குள் ஒரு கல் கம்மல்!

எனக்குச் சந்தோஷம். அவர் முகமோ வெளிறிவிட்டது.

நாங்கள் இங்கே குடிவருவதற்கு முன்னால் காணாமல் போன கம்மல் அது. அப்போது வீட்டு வேலை செய்த மைமூனக்காவைச் சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டார் நூர்ஜகான். தெருவிலும் சொல்லிவிட்டார். அப்புறம் யார் வேலை கொடுப்பார்கள்? மைமூனக்கா மார்க்கையன்கோட்டைக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார்.

"தண்ணி ஊத்தக் குனிஞ்சப்ப விழுந்திருக்கு. நான் அவுகளப் போயி..." நூர்ஜகானால் முடிக்க முடியவில்லை.

"மக வீட்டுல செல் இருக்குமே, பேசிருங்களேன்" என்றேன்.

"இது போன்ல கேக்குற மன்னிப்பா?"

மறுநாள் சின்னமனூரில் பஸ் மாறிப் போனோம். மைமூனக்கா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். நூர்ஜகான் கம்மலை நீட்டி, "அக்கா..." என்றார். அதற்குமேல் அழுகைதான். செடி, தொட்டி, வேர் என்று நான்தான் சொல்லி முடித்தேன்.

மைமூனக்கா அழவில்லை. திட்டவும் இல்லை. புளிப் பிசுக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"கெடைச்சிருச்சுல்ல... சந்தோசம்."

"வேலைக்குத் திரும்பி வந்துருங்கக்கா" என்றார் நூர்ஜகான்.

"வேலை வேணாம். என்னையப் பத்தி யார் யார்கிட்டச் சொன்னீகளோ, அவுக எல்லார்கிட்டயும் போயி, கம்மல் கெடைச்சிருச்சுன்னு சொல்லுங்க. அது போதும்."

அவ்வளவுதான். மறுபடி புளியைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

பழி சொல்வது எவ்வளவு சுலபம்! தண்ணீர்க் குழாயடியில் ஒருவரிடம் சொன்னால் போதும், தெரு முழுக்கப் போய்விடும். திரும்ப வாங்குவதற்குத்தான் வீடு வீடாகப் படியேற வேண்டியிருக்கிறது.

ஏறினார் நூர்ஜகான். நானும் துணைக்குப் போனேன். "அடப் பாவமே" என்றார்கள் சிலர். சிலருக்கு மைமூனக்காவின் முகமே மறந்துவிட்டது — திருட்டு மட்டும் ஞாபகம் இருந்தது!

கடைசி வீட்டு அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இருந்தாலும்... அவ மேல எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகந்தேன்." சொல்லிவிட்டு எங்களுக்கு டீ போட எழுந்தார்.

"டீ வேணாங்க" என்றார் நூர்ஜகான். "உக்காருங்க. மொதல்லருந்து சொல்றேன்."