பின்னால் போகாத பெட்டி

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷம்னாவின் டைப்பிங் கடை. அங்கே இருந்தது ஒரே கம்ப்யூட்டர். பேரீச்சம்பழத்துக்குப் போடலாம் என்று ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட பெட்டி. காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபிஸை அதில் ஏற்றினாள். ஆள் நிறைந்த ஜீப்பு மலையேறுவதுபோல் முக்கியது. ஷம்னா ஒவ்வொரு சுமையாக இறக்கினாள். செய்ததை ரத்துசெய்து நூறு படி பின்னால் போகும் வசதி ஒன்று உண்டு. அத்தனையும் நினைவில் வைக்கப் பெட்டிக்குத் தெம்பில்லை. இருபதாகக் குறைத்தாள். பெட்டி பறந்தது.

சிலமலை வீரையா வந்து தம்பி மகள் பவதாரணியின் கல்யாணப் பத்திரிகையை அடிக்கச் சொன்னார். இருப்பவர், இறந்தவர் எல்லாருடைய பெயருக்குப் பின்னாலும் சாதி. காகிதத்தில்கூட மனிதனைத் தரம்பிரிக்கும் அந்த அசிங்கத்துக்குப் பெயர் மரியாதையாம்!

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பவதாரணி வந்து, அடித்திருந்ததைப் பார்த்தாள்.

"அக்கா, பேருக்குப் பின்னால இருக்கிற வாலையெல்லாம் வெட்டுங்க. ஒரு வால் இருந்தாலும் நான் மணமேடை ஏற மாட்டேன்."

ஷம்னா வெரசாக ஒவ்வொன்றாக வெட்டினாள். பிறகு வரிவரியாக எழுத்தைப் பெரிதாக்கி, சுற்றிலும் ஒவ்வொரு பூவாக வைத்துக் கரை போட்டாள். அதற்கே இருபது படி ஆகிவிட்டது. வீரையா திரும்பி வந்தார், கூடவே அவருடைய கூட்டாளி, ஜீப்பு டிரைவர் கன்னையன்.

"எங்கம்மா பட்டமெல்லாம்?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன், பெரியப்பா" என்றாள் பவதாரணி.

"ஏம்மா, அந்த வளைஞ்ச அம்புக்குறியை அமுக்கு. போனதெல்லாம் வரும்ல?" என்று ஷம்னா பக்கம் திரும்பினார் வீரையா.

ஷம்னா அமுக்கிக்கொண்டே போனாள். பூ போனது. எழுத்து சிறுத்தது. அம்புக்குறி மங்கி நின்றுவிட்டது. ஒரு வாலும் முளைக்கவில்லை.

"அவ்வளவுதாண்ணே. இதுக்கு மேல பின்னால போகாது."

"அப்பப் புதுசா அடி!"

"அடிக்கிறேன். யாருக்கு என்ன வாலுன்னு ஒவ்வொண்ணா சத்தமாச் சொல்லுங்க."

கடையில் காத்திருந்த சனம் திரும்பிப் பார்த்தது. வீரையா வாய் திறந்தார். அச்சில் கம்பீரமாக நிற்பது வாயில் வரக் கூசியது.

"சொல்லுண்ணே, நானும் கேட்டுக்கிறேன்" என்றான் கன்னையன். "இத்தனை வருசமா உன்னை வெறும் வீரையான்னே கூப்பிட்டுட்டேனே!"

கடையே சிரித்தது. வீரையா அவன் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, பேரு மட்டும் போதும். அந்தப் பூவையாவது திரும்பக் கொண்டா, ஆத்தா."

ஷம்னா முன்னால் போகும் அம்புக்குறியை அமுக்கினாள். எழுத்து பெருத்தது, பூ வந்தது. பவதாரணி முதல் பிரதிக்குக் கை நீட்டினாள்.