மையால் நிரப்ப வேண்டிய இடங்கள்

டைப்பிங் வேலையில் விரல் தேய்ந்தவர்களே, நமக்குப் புரியாததைத்தான் நாம் பிழையில்லாமல் அடிக்கிறோம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கூடையும் சரமும்

தஞ்சாவூரில் என் வீட்டு முன்னறைதான் கடை. ஒருமுறை திருவையாற்றிலிருந்து மங்கை என்ற கல்லூரி ஆசிரியை கணக்கு தீசிஸ் ஒன்று கொண்டுவந்தாள். கணக்குக் குறிகள் மெஷினில் கிடையாதே. அங்கே இடம் விட்டு அடித்துக் கொடுத்தால் அவர்களே கறுப்பு மையால் எழுதிக்கொள்வார்கள்.

பாதிப் பக்கம் காலியாகவே போகவும், "இதுல அப்படி என்னதாம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். வழக்கமாக ஒரு புள்ளிக்கு ஒரு விடை. இவள் கணக்கில் ஒரு புள்ளிக்கு ஒரு கூடை விடையாம். ஒவ்வொரு கூடையிலிருந்தும் ஒன்றை முறைப்படி எடுத்துக் கோத்தால் ஒரு சரம்; அதற்குத் தேர்வு என்று பெயராம். அந்த ஒரு சரத்தைப் பார்த்தால் கூடையில் இருப்பதெல்லாம் தெரிந்துவிடுமா என்றேன்.

"எப்படிக்கா தெரியும்? ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே சரம் சரமா கோக்கணும். அப்பத்தான் கூடையில எங்க தொட்டாலும் பக்கத்துல நம்ம பூ ஒண்ணு இருக்கும்."

மூன்று நிமிடம்

மகளைத் திருச்சியில் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் அருள் மஸ்கட்டில். இவர்கள் அப்பா இறந்த பிறகு வீட்டில் நானும் மெஷினும்தான். ஞாயிறு பூசை முடிந்து வரும் நேரத்துக்கு அருள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிடுவான். மூன்று நிமிடம். "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா." வாராவாரம் அதே சரம். நிஜமாகவே நன்றாக இருக்கிறானா என்றுதான் ஜெபமாலையின் மணிக்கு மணி மாதாவிடம் கேட்பேன்.

மங்கை சொன்னதைப் பிடித்துக்கொண்டு வாரம் ஒரு கேள்வியாக மாற்றிக் கேட்டேன். ரூமில் யார் குறட்டை விடுவது? ஷூ கடிக்கிறதா? கடைசியாக யாரோடு சிரித்தாய்? மற்றதற்கெல்லாம் பதில் சொன்னான். இதற்கு மட்டும் திருப்பிக் கேட்டான்:

"என்னையே கேக்குறீங்களே, நீங்க யாரோட சிரிச்சீங்கம்மா?"

திரும்பி வந்த கடிதம்

போனை வைத்துவிட்டேன். மறுநாள் பதிலைத் தமிழ் மெஷினில் கடிதமாக அடித்தேன். தீசிஸ் அடித்த பழக்கம், சொல் வராத இடத்தில் கட்டைவிரல் தானாக இடம் விட்டுக்கொண்டே போயிருக்கிறது. திருப்பிப் படிக்காமல் தபாலில் போட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அதே தாள் திரும்பி வந்தது. 'சாயங்காலம் ஆனால் வீடு ரொம்ப' என்று அடித்து நான் விட்டிருந்த இடத்தில், கறுப்பு மையில் 'பெரிசாயிடுது' என்று எழுதியிருந்தான். 'நீ ஒரு தடவை' என்பதற்கு அடுத்த காலியில் 'வரணும்'. அடியில் ஒரே வரி:

"சரியா நிரப்பியிருக்கேனாம்மா? நாலு பேர் இருந்தும் என் ரூமும் அப்படித்தான்."

மங்கைக்குப் பட்டம் கிடைத்தது, எனக்கு பைபிளுக்குள் வைக்க ஒரு தாள் கிடைத்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனில் நானும் அவனும் நல்லா இருக்கிறோம் என்றுதான் இன்னும் சொல்லிக்கொள்கிறோம்.